அப்பாவின் இரைப்பையில் லிம்போமா என்கிறார்கள்: உடனே அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டுமா?

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 58 வயது. எட்டு மாதங்களாக மேல்வயிற்றில் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிட்டது என்று தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். வாயுத்தொல்லை என்று நாங்களே முடிவு செய்து, மருந்துக்கடையில் பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவந்தோம். ஆறு கிலோ எடை குறைந்து, அவருடைய சட்டை தோளில் நிற்காமல் தொங்குவதை அம்மா கவனித்துச் சொன்ன பிறகுதான் எண்டோஸ்கோபிக்கு வந்தார்.

இரைப்பையின் நடுப்பகுதியில் மடிப்புகள் தடித்திருப்பதாகவும், ஆழமில்லாத இரண்டு புண்கள் இருப்பதாகவும் எண்டோஸ்கோபி அறிக்கை கூறுகிறது. ஒரு புண்ணின் ஓரத்திலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். நிணநீர்ச் செல்கள் அடர்த்தியாக ஊடுருவியுள்ளன, மால்ட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கக்கூடும், ஐ.எச்.சி. என்ற சாயச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று முடிவு வந்திருக்கிறது. எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று எண்டோஸ்கோபியின்போதே செய்த யூரியேஸ் சோதனையில் இல்லை என்று வந்தது. வயிற்று சி.டி. ஸ்கேனில் இரைப்பைச் சுவர் தடித்திருப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

நாங்கள் காட்டிய அறுவை மருத்துவர், இரைப்பையை எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று கூறி அடுத்த வாரத்தில் ஒரு நாளும் குறித்துவிட்டார். சித்தப்பாவோ, கத்தி வேண்டாம், உடனே கீமோ தொடங்குங்கள் என்கிறார். இணையத்தில் தேடினால், ஆன்டிபயாடிக் மாத்திரைகளாலேயே இந்தப் புற்றுநோய் மறைந்துவிடும் என்று படிக்கிறேன். இந்த மூன்றும் எப்படி ஒரே நோயைப் பற்றியதாக இருக்க முடியும் என்று விளங்காமல், அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகளாக உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம் புண் என்று மட்டுமே சொல்லியிருக்கிறோம். விவரம் அறிந்தவர்களும் இந்த நோயைக் கடந்துவந்தவர்களும் வழி சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

நுண்ணோக்கி (பதில்)

சகோதரிக்கு வணக்கம். நான் நோய்க்குறியியல் மருத்துவர். பயாப்ஸித் துண்டுகளைப் பார்த்து முடிவு எழுதுவதே என் அன்றாட வேலை. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை என்பதால் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவரைப் பார்க்கும் மருத்துவர்களே. ஆனாலும் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் அறிக்கை இன்னும் ஐயத்தோடுதான் முடிந்திருக்கிறது. அந்த ஐயம் தீராமல் இரைப்பையை எடுக்க நாள் குறிப்பது சரியில்லை. ரத்த வாந்தியோ, கருத்த மலமோ, வயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலியோ இல்லையென்றால், சோதனைகளை ஒழுங்காக முடிப்பதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரைப்பை லிம்போமா என்ற ஒரே பெயருக்குள் பெரும்பாலும் இரண்டு நோய்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று மால்ட் லிம்போமா. மெதுவாக வளர்வது, பல ஆண்டுகள் இரைப்பையை விட்டு நகராமலே இருக்கக்கூடியது. மற்றொன்று பெரிய பி-செல்கள் (ஒருவகை நிணநீர்ச் செல்கள்) பரவலாக வளரும் டி.எல்.பி.சி.எல்.; வேகமாகப் பரவுவது, கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுவது. சில நேரங்களில் இரண்டும் ஒரே இரைப்பையில் அருகருகே இருக்கும். ஒரு புண்ணின் ஓரத்தில் எடுத்த இரண்டு சிறு துண்டுகளில் மெதுவான வகை மட்டும் தெரிந்து, நான்கு சென்டிமீட்டர் தள்ளி வேகமான வகை ஒளிந்திருக்கலாம். ஆகவே எண்டோஸ்கோபியை மறுபடியும் செய்து, புண்ணிலிருந்தும் தடித்த மடிப்புகளிலிருந்தும் மட்டுமல்லாமல், பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் இடங்கள், உணவுக்குழாய் சேரும் இடம், முன்சிறுகுடல் ஆகியவற்றிலிருந்தும் பல துண்டுகள் எடுக்கச் சொல்லுங்கள். லிம்போமா பெரும்பாலும் சளிச்சவ்வுக்கு அடியில் படர்வதால், மேலோட்டமாகக் கிள்ளிய துண்டில் அது அகப்படாமலே போவதும் உண்டு.

அடுத்ததாக, முதல் பயாப்ஸியின் மெழுகுக் கட்டியை ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். நகத்தளவுத் துண்டு மெழுகில் பதிந்து, எண் எழுதிய சிறு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும். அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து ஐ.எச்.சி. சாயங்கள் போடுவோம். மால்ட் லிம்போமாவில் சி.டி. 20 என்ற புரதம் பழுப்பாக ஒளிரும், சி.டி. 5, சி.டி. 10, சைக்ளின் டி1 ஆகியவை நிறம் ஏற்காது. நிணநீர்ச் செல்கள் இரைப்பைச் சுரப்பிகளுக்குள் புகுந்து அவற்றை அரித்திருப்பதையும் தேடுவோம். பெரிய செல்கள் கூட்டங்கூட்டமாகப் பரவியிருந்தால் அதை டி.எல்.பி.சி.எல். என்றே எழுத வேண்டும். இவை இரண்டுக்கும் நடுவில் 'கடுமையான மால்ட்' என்று மங்கலாக எழுதினால் சிகிச்சை தடம் மாறிவிடும்.

இப்போது கிருமிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது பான்டோபிரசோல்தான். அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் யூரியேஸ் சோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். மருத்துவரின் ஒப்புதலோடு அந்த மாத்திரையை இரண்டு வாரங்கள் நிறுத்தி, ஆன்டிபயாடிக் எதுவும் எடுக்காமல் நான்கு வாரங்கள் ஆன நிலையில், மூச்சுச் சோதனையோ மலத்தில் ஆன்டிஜன் சோதனையோ செய்ய வேண்டும். அவற்றிலும் இல்லை என்று வந்தால் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் தேடலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இயல்பான இரைப்பையில் நிணநீர்த் திசுவே கிடையாது. எச். பைலோரி ஆண்டுக்கணக்கில் அங்கே குடியிருப்பதால்தான், அதை எதிர்க்க நிணநீர்ச் செல்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் கிருமியை அடையாளம் கண்ட டி-செல்கள் என்ற வகை தூண்டத் தூண்ட, பி-செல்கள் பெருகுகின்றன. அவற்றில் ஒரு கிளை கட்டுப்பாட்டை இழந்து லிம்போமாவாகிறது. கிருமியை ஒழித்துவிட்டால் அந்தத் தூண்டுதல் நின்று, ஊட்டம் இழந்த செல்கள் வாடத் தொடங்குகின்றன. இந்த வகை லிம்போமாவைப் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் 1983இல் விவரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியிருந்தார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். இந்த இரண்டு கண்டுபிடிப்புகளையும் இணைத்தது வாதர்ஸ்பூன் குழுவினரின் ஆய்வு. 1991இல் அவர்கள் பார்த்த மால்ட் லிம்போமா நோயாளிகள் 110 பேரில் 92 விழுக்காட்டினருக்குக் கிருமி இருந்தது. 1993இல் ஆறு பேருக்குக் கிருமியை மட்டும் ஒழித்ததில் ஐந்து பேருக்கு லிம்போமா மறைந்தது. ஒரு புற்றுநோய் ஆன்டிபயாடிக் மருந்தால் பின்வாங்கியதை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

இரைப்பையோடு நின்றுவிட்ட, கிருமியுள்ள மால்ட் லிம்போமாவில் நான்கில் மூன்று பேருக்கு இந்த ஒரு சிகிச்சையே போதுமானதாக இருக்கிறது. யாருக்குப் போதாது என்பதையும் ஓரளவு முன்கூட்டியே அறியலாம். 11ஆம், 18ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றோடொன்று இடம் மாறியிருந்தால் லிம்போமா கிருமியின் தயவின்றியே வளரும். ஃபிஷ் என்ற சோதனையில் அது தெரியும். எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலிருந்தே செய்யும் அல்ட்ராசவுண்டில், நோய் இரைப்பைச் சுவரின் ஆழத்துக்கு இறங்கியிருப்பதோ அருகிலுள்ள நெறிகட்டிகள் வீங்கியிருப்பதோ தெரிந்தாலும், மாத்திரைகள் மட்டும் போதுமென்ற நம்பிக்கை குறையும். எல்.டி.எச். என்ற ரத்தச் சோதனை, மார்பையும் சேர்த்த சி.டி. ஸ்கேன், எலும்பு மஜ்ஜைச் சோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனைகள் ஆகியவற்றையும் கேட்பார்கள். பெட் ஸ்கேனில் மெதுவான வகை பல நேரங்களில் சரியாக ஒளிராது; வேகமான வகை என்றால் அது அவசியம்.

இரைப்பையை முழுவதும் எடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பெரும்பாலும் இந்நோய் இரைப்பையின் பல இடங்களில் பொட்டுப் பொட்டாக இருக்குமாதலால் முழுவதையும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் பி12 ஊசி போட்டுக்கொண்டு, சிறிது சிறிதாகச் சாப்பிட்டு, எடையோடு போராடினார்கள். இரைப்பையை வைத்துக்கொண்டே சிகிச்சை பெற்றவர்கள் அதே அளவு நன்றாக வாழ்வது தெரிந்த பிறகு, துளை விழுதல், நிற்காத ரத்தக்கசிவு, அடைப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அறுவை என்றாகிவிட்டது. ரத்தப் புற்றுநோய்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ, கீமோ சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடமோ இரண்டாம் கருத்து கேட்காமல் அந்தத் தேதிக்குச் செல்லாதீர்கள்.

உறையூர் (பதில்)

தங்கைக்கு வணக்கம். எனக்கு 2017இல் மால்ட் லிம்போமா என்று உறுதியானது. அப்போது எனக்கு 55 வயது. மருத்துவர் ஐயா மேலே எழுதியவற்றுக்குப் பிறகு, நோயாளியாக இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு மூச்சுச் சோதனையில் கிருமி இருந்தது. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலம் குறைக்கும் மாத்திரை என நான்கும் சேர்த்து 14 நாள்கள் கொடுத்தார்கள். நம் நாட்டில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இந்தக் கிருமி பழகிவிட்டதால், நாள் குறையாமல், வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். வாயெல்லாம் இரும்பைச் சுவைத்ததுபோல் இருக்கும், காப்பிகூடக் கசக்கும். நான்காம் நாள் நாக்கும் மலமும் கருத்துவிட்டன. ரத்தம்தான் கசிகிறது என்று பயந்து அதிகாலையிலேயே மருத்துவமனைக்கு ஓடினேன். பிஸ்மத்தால் அப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது. தார்போல் ஒட்டிக்கொண்டு துர்நாற்றத்தோடு போனாலோ, தலைச்சுற்றல் இருந்தாலோ மட்டும் தாமதிக்காமல் காட்ட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். டெட்ராசைக்ளினைப் பாலோடு சேர்க்கக் கூடாது என்பதையும் உங்கள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். வயிற்றுக்கு இதம் என்று பாலில்தான் மாத்திரை கொடுப்பார்கள்.

ஆறு வாரம் கழித்து மூச்சுச் சோதனையில் கிருமி போய்விட்டது. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். மூன்றாம் மாதம் மறுபடியும் எண்டோஸ்கோபி செய்தபோது, புண் ஆறியிருந்தும் பயாப்ஸியில் லிம்போமா அப்படியே இருந்தது. அந்தத் தாளைப் படித்த மாலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கதிர்வீச்சுக்கு உடனே போய்விடலாமா என்று கேட்டேன். கிருமி போன பிறகும் செல்கள் முற்றிலும் மறைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், நோய் வளராதவரை பொறுத்துப் பார்ப்பதே நல்லது என்று மருத்துவர் என்னை உட்காரவைத்து விளக்கினார். ஒன்பதாம் மாதம் குறைந்திருந்தது; பதினான்காம் மாதம் எந்தத் துண்டிலும் இல்லை. பொறுத்திருந்ததுதான் எனக்கு இந்தச் சிகிச்சையிலேயே கடினமான பகுதி. மாத்திரை சாப்பிட்ட பதினான்கு நாள்கள் அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

என்னோடு காத்திருப்பு அறையில் பழகிய ஒருவருக்கு அந்தக் குரோமோசோம் மாற்றம் இருந்ததால் மருந்து கேட்கவில்லை. அவருக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இதற்கு 24 முதல் 30 கிரே வரையிலான குறைந்த அளவே போதுமாம். மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிட்டது. இரைப்பை உணவால் விரிந்தால் குறி தவறும் என்பதால் ஒவ்வொரு நாளும் காலையில் வெறும் வயிற்றோடு மேசையில் படுக்க வேண்டும். முடிந்ததும் வாசலில் அவர் மனைவி தூக்குச்சட்டியில் கஞ்சியோடு காத்திருப்பார். அவரும் இன்று நலமாக இருக்கிறார். குணமான பிறகும் எங்கள் இருவருக்கும் எண்டோஸ்கோபி தொடர்கிறது. லிம்போமா திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமல்ல, எங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரண இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்பதால்.

நொய்யல் (பதில்)

வணக்கம். என் மனைவிக்கு வந்தது மற்றொரு வகை, டி.எல்.பி.சி.எல். ஐ.எச்.சி. முடிவில் உங்கள் அப்பாவுக்கு அப்படி வந்துவிட்டால் மனம் உடைந்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். வேகமான வகை என்ற சொல் எங்களையும் நடுங்க வைத்தது. ஆனால் முற்றிலும் குணமாக்கும் நோக்கத்தோடுதான் இதற்குச் சிகிச்சை தருகிறார்கள்.

ஆர்-சாப் என்ற ஐந்து மருந்துக் கூட்டை 21 நாள்களுக்கு ஒருமுறை, ஆறு சுற்றுகள் கொடுத்தார்கள். முதல் சுற்றுக்கு முன்பே இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள், அந்தக் கூட்டிலுள்ள டாக்சோரூபிசின் என்ற செந்நிற மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால். ஹெபடைட்டிஸ் பி சோதனையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பழைய தொற்று உடம்பில் உறங்கிக்கொண்டிருந்தால் அதே கூட்டிலுள்ள ரிட்டுக்சிமாப் அதை எழுப்பிவிடக்கூடும். என் மனைவிக்கு அது இருந்தது தெரிந்து, தடுப்பு மாத்திரை கொடுத்த பிறகே தொடங்கினார்கள். ரிட்டுக்சிமாப்பை முதல் நாள் மிக மெதுவாக ஏற்றினார்கள். இடையில் குளிர் நடுக்கம் வந்ததும் நிறுத்தி, போர்த்தி, மறுபடியும் தொடங்கியதில் காலையில் போன நாங்கள் இருட்டிய பிறகே வீடு திரும்பினோம். செந்நிற மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவந்து போகும், பயப்பட வேண்டாம். பிரெட்னிசோலோன் சாப்பிடும் ஐந்து நாள்களில் சர்க்கரை ஏறும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரைப்பை என்பதால் எங்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். சுவரின் முழுக் கனத்தையும் லிம்போமா பிடித்திருந்தால், மருந்தில் அது கரையும்போது ரத்தம் கசியலாம், அரிதாகத் துளையும் விழலாம். முதல் சுற்று முடிந்த வாரத்தில் வயிற்றில் கத்தி சொருகியதுபோல் வலி வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்றார்கள். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலும் அப்படியே. வீட்டில் மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தெர்மாமீட்டரைச் சாமி படத்துக்கு அருகில் மாட்டிவைத்திருந்தோம், இரவில் தேடக் கூடாது என்று. இரண்டு முறை அது தேவைப்பட்டது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ரிட்டுக்சிமாப் ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருந்தது. 2007இல் இந்தியாவிலேயே அதன் நிகர்மருந்து தயாராகி விற்பனைக்கு வந்த பிறகு விலை இறங்கியது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் தாள்களுக்காக அலைய வேண்டியிருக்கும்.

பொருநைக்கரை

மூவருக்கும் என் வணக்கமும் நன்றியும். அறுவைத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, மெழுகுக் கட்டியோடு வேறொரு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்தோம். மறுபடியும் எண்டோஸ்கோபி செய்து பன்னிரண்டு துண்டுகள் எடுத்தார்கள். மால்ட் லிம்போமா என்று உறுதியாகிவிட்டது. பெரிய செல்கள் எந்தத் துண்டிலும் இல்லை. சுவரில் இரண்டாம் அடுக்கோடு நிற்கிறது, நெறிகட்டிகள் இல்லை. பான்டோபிரசோலை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, அப்பா நேற்று மூச்சுச் சோதனைப் பையை ஊதினார். கிருமி இருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டு நான் மகிழ்ந்ததைப் பார்த்து அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'மாத்திரை எத்தனை மணிக்கு?' என்று கேட்டார்.

ஃபிஷ் சோதனை முடிவு வர இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரை மாத்திரையைத் தொடங்காமல் காத்திருக்க வேண்டுமா? வீட்டில் மற்றவர்களுக்கும் இந்தக் கிருமி இருக்குமா?

நுண்ணோக்கி

மிக நல்ல செய்தி. ஃபிஷ் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குரோமோசோம் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிருமியை ஒழிப்பதே முதல் படி. கிருமி இல்லை என்று வந்தவர்களுக்குக்கூட ஒருமுறை இந்த மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது உண்டு, அவர்களிலும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது. அந்த முடிவு பின்னால் பயன்படும்: மாற்றம் இருந்தால் நீண்ட காலம் காத்திருக்காமல் கதிர்வீச்சைப் பற்றி முன்னதாகவே பேசலாம்.

கிருமி பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதால் உங்கள் வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கலாம். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது உண்டு. அவர்களில் மிகமிகச் சிலருக்கே லிம்போமா வருகிறது. வயிற்றுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளட்டும்.

மருந்து முடிந்த பிறகு செய்யும் மூச்சுச் சோதனைக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், பான்டோபிரசோல் நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு பயாப்ஸியையும் முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் படிக்கச் சொல்லுங்கள். முந்தைய பயாப்ஸியின் கண்ணாடிச் சில்லுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான், குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று உறுதியாக எழுத முடியும்.

உறையூர்

அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தங்கை. மூன்றாம் மாதப் பயாப்ஸியில் லிம்போமா இன்னும் இருக்கிறது என்று வந்தால், அன்றே இங்கே எழுதுங்கள். அந்த மாலையில் பேசுவதற்கு ஆள் வேண்டும்.